மாடி போர்ஷனை யாருக்குக் கொடுப்பது? நான்கு குடித்தனங்கள், ஒரு வீடு, காரைக்குடி

ஆனி மாதக் கடைசியில் வீடு காலியானால் காரைக்குடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு பதற்றம் வந்துவிடும். ஆடி பிறந்துவிட்டால் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும். கார்த்திகைக் கடைசியிலும் இதே நிலைதான், அடுத்து மார்கழி. இந்த அவசரத்தில் முதலில் வந்து கேட்டவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டு மூன்று வருடம் மனக்கசப்போடு ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இந்தப் பதற்றம் தணியும். மாத வாடகை 9,000 ரூபாய் என்றால் ஒரு மாதம் பூட்டிக் கிடப்பதன் நஷ்டம் 9,000, அவ்வளவுதான். வாடகை பாக்கி வைத்து ஆறு மாதம் இழுத்தடிக்கும் ஒருவரை உட்கார வைத்தால் நஷ்டம் 54,000. வக்கீல் செலவும் தூக்கம் கெடுவதும் அதற்கு மேல். அதே சமயம், 500 ரூபாய் கூடுதலாகத் தருகிற ஆள் வருவார் என்று இரண்டு மாதம் காத்திருந்தால் இழந்த 18,000-ஐ மீட்க 36 மாதம் ஆகும். நல்ல ஆளுக்காக ஒரு மாதம் காத்திருக்கலாம். கூடுதல் வாடகைக்காகக் காத்திருக்கக் கூடாது. நான் இங்கே ஒப்பிடப் போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

வீடு என் அயித்தையுடையது. சுப்பிரமணியபுரத்தில் கீழே அவர் தனியாக இருக்கிறார், எழுபதைத் தாண்டிய வயது, பிள்ளைகள் வெளிநாட்டில். மாடியில் ஒரு ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. படிக்கட்டு தனி, மின் இணைப்பு தனி. ஆனால் போர் மோட்டார் ஒன்றுதான், கேட்டும் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் பழைய விறகுக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. வைகாசியில் டூ-லெட் போர்டு மாட்டியதும் பலர் வந்து பார்த்தார்கள், கடைசியில் நான்கு பேர் உறுதியாக நின்றார்கள். கேட்ட வாடகை 9,000.

முதலாமவர் ஒரு வங்கி அதிகாரி. காரைக்குடிக் கிளைக்கு மாற்றலாகி வருகிறார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். சொன்ன வாடகைக்குச் சம்மதம்.

அடுத்தது மூன்று பெண்கள், ஆராய்ச்சி மாணவிகள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கம், இருவர் கேரளம். விடுதியை விட்டு வெளியே வந்து சேர்ந்து தங்க நினைக்கிறார்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்வதால் 10,500 வரை தரத் தயார்.

மூன்றாவதாகக் கோட்டையூரிலிருந்து ஒரு தம்பதி. வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார்கள்: தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, கல்யாணச் சீர் வரிசைக்கு அதிரசம். இப்போது இருக்கும் வீட்டை உரிமையாளர் விற்கப் போவதால் மாறுகிறார்கள். 8,500 தருகிறோம் என்றார்கள்.

நான்காமவர் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர். வாடகை வேண்டாம், மூன்று வருடத்துக்கு ஆறு லட்சம் ஒத்தியாகத் தருகிறேன், காலி செய்யும்போது அதை வட்டியில்லாமல் திருப்பித் தந்தால் போதும் என்றார்.

தெருவில் யாரைக் கேட்டாலும் வங்கிக்காரருக்குக் கொடுங்கள் என்பார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒத்தியை முதலில் தள்ளியது

நான்கில் சுலபமாக முடிந்தது இதுதான். ஆறு லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருடத்துக்கு 42,000, மாதத்துக்கு 3,500. வாடகையோ 9,000. மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கும் வீட்டுக்காரருக்கு மட்டும் கணக்கு மாறும். ஆறு லட்சம் கடனுக்கு மாதம் 12,000 வட்டி கட்டுபவர் ஒத்திப் பணத்தில் அதை அடைத்தால், வாடகை 9,000 போனாலும் மாதம் 3,000 மிச்சம். அயித்தைக்குக் கடன் ஏதும் இல்லை.

ஒத்திக்கு வருபவரிடம் வாடகை பாக்கி என்ற பேச்சே எழாது, அதனால் விசாரிக்க வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று வருடம் கழித்து ஆறு லட்சத்தை மொத்தமாக எடுத்து வைக்க முடியாவிட்டால் அவரை எழுந்திருக்கச் சொல்ல நமக்கு வாய் வராது. விசாரிக்க வேண்டியது நம் கையிருப்பை. ஒத்திக்கே போவதென்றால் பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கத்தில் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்து அனுபவ பாத்தியம், அதாவது குடியிருந்து அனுபவிக்கும் உரிமை, தருவதென்றால் பத்திரப் பதிவும் வேண்டும். வெறும் பத்திரத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொள்வது இரண்டு பேருக்குமே ஆபத்து.

எல்லோரிடமும் ஒரே கேள்விகள்

மிச்சம் மூன்று பேரையும் ஒப்பிட வேண்டுமானால் மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவரிடம் சம்பளம் கேட்டுவிட்டு இன்னொருவரிடம் சொந்த ஊரை மட்டும் கேட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? அயித்தையின் பழைய கணக்கு நோட்டில் கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டோம். எத்தனை பேர் தங்குவீர்கள், இருக்கும் வீட்டை ஏன் விடுகிறீர்கள், வாடகை எந்த வருமானத்திலிருந்து வரும், வண்டி எத்தனை, வருடத்தில் எந்த மாதங்களில் வெளியூர் போவீர்கள், இதற்கு முன்பு குடியிருந்த இரண்டு வீடுகளின் உரிமையாளர்கள் யார். வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

நோட்டில் எழுதாத கேள்வி ஒன்று உண்டு. நம் பக்கத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்: “நீங்க என்ன ஆளுக?” நேராகக் கேட்கத் தயங்குபவர்கள் ஊர் கேட்பார்கள், குலதெய்வம் கேட்பார்கள், சைவமா என்று கேட்பார்கள். பேரைக் கேட்டதுமே “வீடு பேசியாச்சே” என்று முஸ்லிம் குடும்பங்களைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வாடகைப் பணம் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, தெருத் தெருவாக அலைந்து, போர்டு தொங்கும் வீடுகளிலேயே “இல்லை” என்று கேட்டுத் திரும்பும் மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அவர்களுக்குச் செய்யும் அநீதி. வீட்டுக்காரருக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. முதல் தேதி வாடகை வருமா, குழாயை மூடுவாரா, காலி செய்யும்போது சுவர் எப்படி இருக்கும் என்ற எதற்கும் சாதியில் பதில் கிடையாது. விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல், “நம்ம ஆளு” என்று நம்பி ஏமாந்த வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அயித்தையிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி தம்பி, கேக்க வேணாம்” என்றார்.

யார் சொல்வதை நம்புவது

குடிவருபவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நான்கு வழிகள் இருக்கின்றன, நான்கின் மதிப்பும் ஒன்றல்ல.

தெரிந்தவர் சொல்வது முதல் வழி. காரைக்குடி போன்ற ஊரில் இது சீக்கிரம் கிடைக்கும், ஆனால் பரிந்துரைப்பவர் பெரும்பாலும் அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தவர் அல்ல. நல்லவர் என்பார், எதில் நல்லவர் என்று கேட்டால் பதில் இருக்காது. புரோக்கர் சொல்லும் நற்சான்றும் இந்த வகையில்தான் வரும். அவர் வேலை ஆளைக் கொண்டுவருவது. ஆளை அளப்பது நம் வேலை.

காகிதங்கள் இரண்டாவது. ஆதார் நகல் கேட்பது வழக்கமாகிவிட்டது. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அவர்களே இறக்கித் தர முடியும், அது போதும். முழு எண் உள்ள நகல் நம் மேசை இழுப்பறையில் கிடப்பது அவர்களுக்கும் நல்லதல்ல, நமக்கும் பொறுப்பு. சம்பளக்காரரிடம் சம்பளச் சீட்டு, மற்றவர்களிடம் ஆறு மாத வங்கிக் கணக்கில் வாடகை போன வரிகள் மட்டும் கேட்டால் போதும், மற்ற வரிகளை மறைத்துக் காட்டட்டும். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு அதைச் செய்துவிடுவது நல்லது, விண்ணப்பிக்கப் போவதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வழி பழைய வீட்டுக்காரர். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளருக்கு அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இருக்கலாம், அதனால் கெட்டதை மறைப்பார். அல்லது விட மனமில்லாமல் குறை சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு இரண்டும் இல்லை. அவரிடம் “நல்லவங்களா?” என்று கேட்டால் “ஆமா” என்று முடித்துவிடுவார். “அட்வான்ஸ்ல எவ்வளவு கழிச்சீங்க, எதுக்கு?” என்றும், “வீடு மறுபடி காலியானா இவங்களுக்கே குடுப்பீங்களா?” என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு வரும் ஒரு கணத் தயக்கமே பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

நான்காவது, அவர்கள் இப்போது இருக்கும் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவது. சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். குளியலறைக் குழாய், அடுப்படிச் சுவர், செருப்பு கிடக்கும் இடம் ஆகிய மூன்றும் எந்தச் சான்றிதழைவிடவும் உண்மையாகப் பேசும்.

மூவரும் நேருக்கு நேர்

வங்கி அதிகாரியின் பலம் வெளிப்படை. சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குக் கேட்கும்போது வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டியிருக்கும். 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000. இதற்குப் பயந்து அரசு, வங்கி ஊழியர்களைத் தவிர்க்கும் வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. வாடகை வருமானத்தில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தைச் செலவுக்கென்று கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது, வேறு பெரிய வருமானம் இல்லாத அயித்தை போன்றவர்களுக்கு வரி வராமலே போகலாம். முந்தைய ஊர் வீட்டுக்காரரும் வாடகையில் குறை சொல்லவில்லை, காலி செய்தபோது வெள்ளையடிக்கும் செலவில் மட்டும் சிறு தகராறு என்றார்.

ஆனால் மூன்று வருடத்தில் மாற்றல் வரும் என்று அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் திங்கள் காலைதான் திரும்புவார்கள், சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பகலில் கணவன் வங்கிக்கு, மனைவியும் வேலை தேடிக்கொண்டிருந்தார். கீழே தனியாக இருப்பவருக்கு மாடி பெரும்பாலும் பூட்டிய மாடியாகவே இருக்கும்.

ஆராய்ச்சி மாணவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் மீது தேவையில்லாத பயம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் மின்வேதியியல் ஆய்வகத்தைக் கொண்டுவந்தார், 1985-இல் அவர் பெயரிலேயே பல்கலைக்கழகமும் வந்தது. அன்றிலிருந்து இந்த ஊருக்கு வெளியூர்ப் பிள்ளைகள் படிக்க வந்துகொண்டே இருக்கிறார்கள், அவர்களை நம்பி எத்தனையோ மாடி போர்ஷன்கள் எழும்பியிருக்கின்றன. அப்படியும் “பேச்சிலர்ஸுக்கு இல்லை” என்று போர்டிலேயே எழுதுகிறோம். தேசிய அளவில் தேர்வு எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மூவரில் இருவருக்கு அந்த ஆணை கையில் இருந்தது. அந்தத் தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகி மொத்தமாக வரும், அதையும் அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். முந்தைய வீட்டுக்காரர் என்று யாரும் இல்லை, விடுதியில்தான் இருந்திருக்கிறார்கள். இப்படி முதல் முறை வாடகைக்கு வருபவர்களை அனுபவமில்லை என்று தள்ளக் கூடாது. துறையில் வாங்கிய சான்றும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் தொலைபேசி எண்ணும் அதற்கு ஈடு.

பணக் கணக்கில் இவர்கள்தான் முதல். மூன்று வருடத்துக்கு 3,78,000. வங்கிக் குடும்பம் 3,24,000, பலகாரத் தம்பதி 3,06,000. இடையில் ஒருவர் படிப்பு முடிந்து போய், வேறு ஆள் கிடைக்காமல் இரண்டு மாதம் வாடகை நின்றாலும் 21,000-தான் குறையும். அக்கம்பக்கத்தார் சொன்ன காரணம், ராத்திரி ஆய்வகத்திலிருந்து லேட்டாக வருவார்கள் என்பது. படித்து வேலை செய்யும் பெண் ஒன்பது மணிக்கு வீடு திரும்புவதில் என்ன குற்றம்? கேட் சாவி ஒன்று கூடுதலாகச் செய்து கொடுத்தால் முடிந்த விஷயம். கீழே அயித்தை இல்லாமல், இது என் வீடாக மட்டும் இருந்திருந்தால் நான் இவர்களுக்குத்தான் கொடுத்திருப்பேன்.

பலகாரத் தம்பதியிடம் வாடகை குறைவு, வேலை அதிகம், சிக்கலும் அதிகம். எண்ணெய்ப் புகை மாடிச் சுவரில் படியும். வியாபார சிலிண்டர் வேண்டும். வீட்டு மின் இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியம் கட்டண வகையை மாற்றி அபராதமும் போடலாம், இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் அது அயித்தை தலையில் விழும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் வீட்டு இணைப்புக்குத்தான். இவற்றையெல்லாம் கேட்ட பிறகு பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

நாங்கள் கோட்டையூர் போனோம். அடுப்படிச் சுவரில் எண்ணெய்க் கறை இருந்தது, அதன் மேல் தேய்த்துக் கழுவிய தடமும் இருந்தது. தகர டப்பாக்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. சிலிண்டர் வெளியே, காற்றோட்டமான இடத்தில். உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வீடு மாறினால் அதில் முகவரி மாற்ற வேண்டும், அதற்கு உங்கள் சம்மதக் கடிதம் தேவைப்படும் ஆச்சி என்று அந்த அம்மா கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார். தனக்குச் சங்கடம் தரக்கூடிய விஷயத்தைத் தானே முன்வந்து சொல்கிறவரை நான் நம்புவேன்.

இப்போதைய உரிமையாளர் வீட்டை விற்கும் அவசரத்தில் இருப்பவர். அதனால் அதற்கு முன் பள்ளத்தூரில் அவர்கள் இருந்த வீட்டுக்காரரிடம் பேசினோம். “ஆடி மாசம் கொஞ்சம் இழுக்கும். ஆவணி பொறந்து கல்யாணம் ஆரம்பிச்சா சரியாயிடும். தீபாவளி முடிஞ்சா அடுத்த மூணு மாச வாடகையை மொத்தமாக் குடுத்துருவாங்க” என்றார். மறுபடி கொடுப்பீர்களா என்று கேட்டோம். “எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, நானே கூப்பிட்டுக்கிறேன்” என்றார்.

வருமானம் எந்த மாதம் குறையும் என்று தெரிந்துவிட்டால் அது பயமுறுத்தும் விஷயமாக இருப்பதில்லை. ஆடி வாடகையை ஆவணி பத்துக்குள் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். சம்பளக்காரருக்குக் கொடுக்கும் தேதியையே வியாபாரம் செய்பவருக்கும் வைத்துவிட்டு, அவர் தவறும்போது கோபப்படுவதில் நியாயம் இல்லை.

அயித்தை வீட்டில் தேவை என்னவோ அதற்குத்தான் கடைசியில் வந்து நின்றோம். பகல் முழுக்க வீட்டில் ஆள் நடமாட்டம் வேண்டும். ராத்திரி நெஞ்சு வலி என்றால் கூப்பிட்ட குரலுக்கு இறங்கி வர ஆள் வேண்டும். மாணவிகள் தருவதைவிட 2,000 ரூபாய் குறைவான வாடகைக்கு அது கிடைக்கிறது என்றால் அயித்தைக்கு அது லாபம். மாடியில் சமையல் வீட்டுக்கு மட்டும், பலகார அடுப்பு பின்னாலுள்ள விறகுக் கொட்டகையில் என்று பேசினோம். கொட்டகைக்கு அவர்கள் செலவில் தனி வணிக மின் இணைப்பு, வியாபார சிலிண்டர், புகைபோக்கி. சம்மதித்தார்கள். கொட்டகை இல்லாத வீடாக இருந்திருந்தால் நான் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், அது நிச்சயம்.

சட்டம் எங்கே வருகிறது

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். விண்ணப்பிக்க அரசின் இணையதளம் இருக்கிறது. பதினோரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற விதியிலிருந்து வந்த பழக்கம் அது. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு, அது பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் உண்டு.

வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போகத் திருப்பித் தர வேண்டும். வாடகை தரவில்லை என்று கரண்டையோ தண்ணீரையோ நிறுத்தச் சட்டம் விடாது. குத்தகை முடிந்தும் எழாதவரிடம் முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு வாடகையும் அதற்குப் பிறகு நான்கு மடங்கும் கேட்கலாம், ஆனால் கேட்பதும் வாங்குவதும் வேறு வேறு. உள்ளே வந்த பிறகு வீட்டுக்காரர் கையில் இருக்கும் பிடி இவ்வளவுதான். வருவதற்கு முன்பு செலவிடும் இரண்டு வாரத்தின் மதிப்பு அதனால்தான் பெரிது.

நாங்கள் மூன்று மாத அட்வான்ஸ் 25,500 வாங்கினோம், வங்கி வழியாக. குடியேறும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து சுவர், குழாய், கதவு, மின்விசிறி எல்லாவற்றையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டோம். வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதிவிட்டோம். வங்கி அதிகாரியின் பழைய வீட்டுக்காரரிடம் பேசியதில் கிடைத்த பாடம் அது.

வேறு வீடு, வேறு கணக்கு

இந்த முடிவை அப்படியே எடுத்து எல்லா வீட்டுக்கும் பொருத்த முடியாது. உரிமையாளர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்து, கீழே யாருமே இல்லாத வீடென்றால் வங்கிக் குடும்பம்தான் முதல் தேர்வு. வாடகை தானாக வரும், காகிதங்கள் சரியாக இருக்கும். வெளிநாடு வாழ் உரிமையாளருக்கு வாடகை தருபவர் வரி பிடித்தம் செய்து கட்ட வேண்டும் என்ற விதியையும் அவர் புரிந்துகொள்வார், மற்றவர்களுக்கு அதை விளக்குவதே பெரும்பாடு.

கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வட மாநிலங்களிலிருந்து வருபவர்களுக்கு மேஸ்திரியோ ஒப்பந்தக்காரரோ தன் பெயரில் வீடு பிடிப்பது வழக்கம். வீட்டில் இருக்கப் போகிறவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு என்பதுதான் அங்கே சிக்கல். அந்தத் தொழிலாளர்களிடமே நேராக ஒப்பந்தம் எழுதி, தங்குகிறவர்களின் எண்ணிக்கையைக் குறிப்பிட்டு, அதற்குப் போதுமான தண்ணீரும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். ஆறு பேர் தங்க முடியாத அறையில் ஆறு பேர் இருக்கத் தெரிந்தே விட்டு, பிறகு அசுத்தம் என்று குறை சொல்லக் கூடாது.

நடுவில் வளவு என்ற முற்றம் உள்ள பழைய செட்டிநாட்டு வீடுகளில் இன்னொரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: வாடகைக்கு விட நமக்கு உரிமை இருக்கிறதா? வளவைச் சுற்றியுள்ள அறைகள் பங்காளிகளுக்குத் தனித்தனியே பிரிந்திருந்தாலும், முகப்பும் வளவும் கிணறும் பொதுவாகவே இருக்கும். மற்றப் பங்காளிகளின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாங்கட்டில் ஒரு குடித்தனத்தை வைத்தால், முன்னோரைக் கும்பிடும் அடுத்த படைப்புக்கு எல்லோரும் கூடும்போது தகராறு தொடங்கும், நடுவில் மாட்டிக்கொள்வது குடியிருப்பவர். இந்த வீடுகளுக்கு அதிக வாடகை தருபவரை நான் தேடமாட்டேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றக் கூடாது என்று தெரிந்தவர், தேக்குத் தூணில் ஆணி அடிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பவர் கிடைத்தால் வாடகையைக் குறைத்துக்கூடக் கொடுப்பேன். நிலைக்கதவு, மரவேலை, விளக்கு, பீங்கான் என ஒவ்வொன்றையும் படத்தோடு பட்டியல் போட்டு இரண்டு பேரும் கையெழுத்திடுவது இங்கே கட்டாயம்.

முடிவு எடுத்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கும். மற்ற மூவருக்கும் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட வேண்டும். டோக்கன் அட்வான்ஸை ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் வாங்கக் கூடாது, யாரிடமாவது வாங்கியிருந்தால் அன்று மாலைக்குள் முழுவதும் திருப்பி அனுப்ப வேண்டும். ஆடிக்கு முன்னால் அவர்களும் வேறு வீடு பார்த்தாக வேண்டும். மாணவிகளிடம் அயித்தையே பேசினார், அவருக்குத் தெரிந்த செக்காலைப் பக்கத்து வீடு ஒன்றின் எண்ணையும் கொடுத்தார்.